ஒரே படிமம், பல கணினிகள்: விசைப்பலகையின் டிரைவர் தானாக ஏறாதது ஏன்?

ஹட்டன் ஆசிரியர் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அண்மையில் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். எங்கள் கணினி அறையில் உள்ளவை ஒரே தடவையில் வாங்கப்பட்டவை அல்ல. நலன்விரும்பிகள் தந்த பழைய மேசைக்கணினிகள், அவற்றுக்குப் பின் வந்த மடிக்கணினிகள், அண்மையில் கிடைத்த புதிய மடிக்கணினிகள் என மூன்று தலைமுறைகள் ஒரே அறையில் இருக்கின்றன. பழைய மாணவர் ஒருவர் நடுத் தலைமுறை மடிக்கணினி ஒன்றில் ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, பழைய இயந்திரங்களும் தாங்க வேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சுருக்கித் தொகுத்து, அந்த வட்டையே மற்றக் கணினிகளுக்கும் படியெடுத்துத் தந்தார். மாணவர்களின் புள்ளிகளும் சொந்த விவரங்களும் இருப்பதால் வட்டுகள் முழுவதும் மறைகுறியாக்கப்பட்டுள்ளன. கணினி தொடங்கும்போதே கடவுச்சொல் கேட்கும்.

மூலக் கணினியில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மேசைக்கணினிகளில் கடவுச்சொல் கேட்கும் இடத்தில் யூஎஸ்பி விசைப்பலகை ஓர் எழுத்தைக்கூட ஏற்பதில்லை. ஆனால் அதற்கு முந்திய பயோஸ் திரையிலும், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலிலும் அதே விசைப்பலகை நன்றாக இயங்குகிறது. புதிய மடிக்கணினிகளில் விசைப்பலகைக்குக் குறை இல்லை, தொடுபலகைதான் இருப்பதாகவே காட்டவில்லை. இவற்றுக்கு அப்பால், நன்கொடையாக வந்த வரைபலகை ஒன்று பேனாவின் அழுத்தத்தை உணராமல் வெறும் சுட்டியாக மட்டும் இயங்குகிறது.

லினக்ஸ் கெர்னல் உள்ளீட்டுச் சாதனங்களை இயக்கும் நிரல்களான டிரைவர்களைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் என்றுதான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியானால் சில இயந்திரங்களில் மட்டும் அது ஏன் நடக்கவில்லை? தேவையான மொடியூல்கள் (கெர்னலில் தனியாக ஏற்றக்கூடிய டிரைவர் கோப்புகள்) எல்லாவற்றின் பெயரையும் தொடக்கத்தில் ஏற்ற வேண்டியவை என்று ஒரு கோப்பில் எழுதிவிடுவது சரியான வழியா?


நானுஓயா திருத்துநர்

சேர், பயோஸ் திரையில் விசைகள் விழுகின்றன என்றால் விசைப்பலகையிலும் போர்ட்டிலும் பழுது இல்லை என்று கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் விசைகளைப் படிப்பது கணினியின் நிலைப்பொருளில் (சில்லில் பதிந்த மென்பொருளில்) உள்ள சிறிய டிரைவர். கெர்னல் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகு அது பயன்படாது. கெர்னலுக்கு அதற்கென்று சொந்த டிரைவர் வேண்டும்.

மேசைக்கணினியின் பின்புறத்தில் ஊதா நிற வட்டப் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய பிஎஸ்/2 விசைப்பலகை ஒன்றை அதில் செருகிக் கடவுச்சொல்லைத் தட்டச்சிட்டுப் பாருங்கள். கணினியை முழுவதும் நிறுத்திய பிறகே செருக வேண்டும். ஓடும்போது கழற்றிச் செருகுவதற்காக அந்த இணைப்பு வடிவமைக்கப்படவில்லை, சில பலகைகளில் அதன் கட்டுப்படுத்தியே பழுதாகிவிடும்.


ஹட்டன் ஆசிரியர்

நன்றி. களஞ்சிய அறையில் கிடந்த பிஎஸ்/2 விசைப்பலகையைச் செருகியதும் கடவுச்சொல் ஏற்கப்பட்டது. வட்டு திறந்து திரை வந்த பிறகு, பக்கத்தில் செருகியிருந்த யூஎஸ்பி விசைப்பலகையும் இயங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே அதற்கான டிரைவர் கணினியில் இருக்கவே செய்கிறது. வட்டு திறப்பதற்கு முன் ஏன் ஏறவில்லை என்பதுதான் விளங்கவில்லை.


பதுளைப் பொறியாளர்

ஆசிரியர் அவர்களே, பிஎஸ்/2 விசைப்பலகை இயங்கியது என்ற அந்த ஒரு தகவலே இடத்தைக் காட்டிவிடுகிறது. காரணத்தைச் சொல்வதற்கு முன், தானாக ஏறுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். அது விளங்கினால் உங்கள் மூன்று சிக்கல்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது தெரியும்.

கெர்னல் எந்த டிரைவரையும் ஊகித்துத் தேடுவதில்லை. சாதனத்தை விவரிக்கும் ஒற்றை வரிப் பெயர் ஒன்றை உருவாக்கி அறிவிப்பதே அதன் வேலை. தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் பெயரை வாசித்ததும் உரியவர் முன்வருவதைப் போன்றது இது. பெயர் வாசிக்கப்பட்டாலும் ஆள் களத்துக்கு வந்திராவிட்டால் யாரும் முன்வர முடியாது. கெர்னல் அறிவிக்கும் அந்த ஒற்றை வரியை மொட்அலையஸ் என்பார்கள்.

யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றைச் செருகும்போது நடப்பதைப் பாருங்கள். யூஎஸ்பி கட்டுப்படுத்தி சாதனத்திடம் அதன் விவரணத்தைக் கேட்கும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், இடைமுகத்தின் வகுப்பு எண் ஆகியவை அதில் இருக்கும். விசைப்பலகை, சுட்டி போன்ற மனித இடைமுகச் சாதனங்களின் (எச்ஐடி) வகுப்பு எண் 03. தொடக்கத் திரையிலும் இயங்கக்கூடியது என்றால் துணைவகுப்பு 01, விசைப்பலகை என்றால் நெறிமுறை எண் 01, சுட்டி என்றால் 02. இந்த எண்களை எல்லாம் கோத்து, யூஎஸ்பி என்று தொடங்கும் ஒரு நீண்ட வரியைக் கெர்னல் உருவாக்கி, நெட்லிங்க் என்ற செய்திப் பாதை வழியாக, கெர்னலுக்கு வெளியே நிரல்கள் ஓடும் பயனர் பக்கத்துக்கு அனுப்பும். அங்கே காத்திருக்கும் யூடெவ் என்ற சேவை அந்த வரியை வாங்கி, மொடியூல்ஸ் டொட் அலையஸ் என்ற அட்டவணையில் ஒப்பிடும். ஒவ்வொரு டிரைவரும் தான் எந்தச் சாதனங்களுக்கு உரியது என்பதைத் தன் மூலநிரலிலேயே அறிவித்திருக்கும். அந்த அறிவிப்புகளை எல்லாம் திரட்டி இந்த அட்டவணையை ஆக்குவது டெப்மொட் என்ற கருவி. யூஎஸ்பிஎச்ஐடி மொடியூலின் வரியில் தயாரிப்பாளர், பொருள் ஆகிய இடங்களில் நட்சத்திரக்குறி இருக்கும். வகுப்பு என்ற இடத்தில் மட்டும் 03 இருக்கும். யார் தயாரித்தாலும் 03ஆம் வகுப்பு என்றால் அது பொருந்திவிடும்.

இத்துடன் வேலை முடிவதில்லை. யூஎஸ்பிஎச்ஐடி ஏறியதும் சாதனத்தின் அறிக்கை விவரணத்தைப் படித்து, எச்ஐடி என்று தொடங்கும் இரண்டாவது பெயரை உருவாக்கும். சாதனம் இணைந்திருக்கும் தொடர்புவழியைப் பாட்டை என்கிறோம். யூஎஸ்பி என்றால் 0003, கணினிக்குள் சில்லுகளை இணைக்கும் ஐ2சி என்றால் 0018 எனப் பாட்டையின் எண் அந்தப் பெயரில் இருக்கும். அதன் பின் குழு எண்ணும், தயாரிப்பாளர், பொருள் எண்களும் வரும். இந்தப் பெயரும் அறிவிக்கப்பட்டு, பொதுவான சாதனம் என்றால் எச்ஐடி-ஜெனரிக் ஏறும், தனி டிரைவர் உடையது என்றால் அந்தத் தனி டிரைவர் ஏறும். அதுவும் முடிந்த பிறகு, எந்தெந்த விசைகளும் அச்சுகளும் உண்டு என்று சொல்லும் மூன்றாவது பெயர் இன்புட் என்ற தொடக்கத்துடன் வெளிவரும். அதைக் கேட்டு, விசை நிகழ்வுகளை நிரல்களுக்குத் தரும் ஈவ்டெவ் வரும், விளையாட்டுப் பிடி என்றால் ஜொய்டெவ்வும் வரும். ஒரே விசைப்பலகைக்கு மூன்று சுற்று அறிவிப்புகள், மூன்று சுற்றுப் பொருத்தங்கள்.

இனி உங்கள் மேசைக்கணினிக்கு வருகிறேன். வட்டு திறக்கப்படுவதற்கு முன் கெர்னலிடம் இருப்பது இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறிய தற்காலிகக் கோப்பு முறைமை மட்டுமே. ஆர்ச்சில் அதை ஒரு படிமக் கோப்பாகக் கட்டுவது எம்கே-இனிட்சிபிஐஓ என்ற கருவி. அதன் அமைப்புக் கோப்பில் ஹூக்ஸ் என்ற வரி ஒன்று உண்டு. அந்த வரியில் ஓட்டோடிடெக்ட் என்ற சொல், படிமத்தைக் கட்டும் நேரத்தில் அந்த இயந்திரத்தில் உள்ள சாதனங்களுக்குத் தேவையான மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிடும். கீபோர்ட் என்ற சொல் அதற்குப் பின்னால் வந்தால் விசைப்பலகை டிரைவர்களும் அதே வடிகட்டலுக்கு உட்படும். மூல மடிக்கணினியின் விசைப்பலகை உள்ளே பிஎஸ்/2 முறையில் இணைக்கப்பட்டது. ஆகவே பிஎஸ்/2க்கான டிரைவர்களான ஐ8042, ஏடிகேபிடி ஆகியவை படிமத்துக்குள் வந்தன, யூஎஸ்பிஎச்ஐடி வரவில்லை. பெயர் அறிவிக்கப்பட்டது, யூடெவ் அட்டவணையைப் பார்த்தது, பொருத்தமான கோப்பு அங்கே இல்லை. வட்டு திறந்த பிறகு முழு மொடியூல் அடைவும் கிடைத்ததால் அதே விசைப்பலகை உயிர்பெற்றது.

செய்ய வேண்டியது, ஹூக்ஸ் வரியில் கீபோர்ட் என்பதை ஓட்டோடிடெக்டுக்கு முன்னால் கொண்டுவந்து படிமத்தை மறுபடி கட்டுவது. ஒரே நிறுவலை வேறு வேறு வன்பொருளில் தொடங்குவோர் இந்த வரிசையைத்தான் பின்பற்ற வேண்டும் என்று ஆர்ச்சின் ஆவணமும் சொல்கிறது. அதுவரை, தொடக்கப் பட்டியலில் ஃபோல்பேக் என்ற படிமம் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள், அது வடிகட்டாமல் கட்டப்பட்டது.

பெயர்களைக் கையால் எழுதுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் யூஎஸ்பிஎச்ஐடி என்ற ஒரு பெயரை மட்டும் படிமத்தில் சேர்ப்பார்கள். முதற்சுற்று வெற்றிபெறும், இரண்டாம் சுற்றில் எச்ஐடி-ஜெனரிக் இல்லாமல் விசைப்பலகை மறுபடியும் ஊமையாகவே இருக்கும். எனவே பட்டியல் எழுதுவதைவிட, அட்டவணை எங்கே குறுக்கப்பட்டது என்று கண்டு அதைத் திறந்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.


பண்டாரவளை மாணவி

அண்ணா, விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இரண்டு ஐயங்கள். கெர்னல் தொடங்கி மிகச் சிறிது நேரத்திலேயே பாட்டைகளை எல்லாம் ஆராய்ந்து சாதனங்களைக் கண்டுவிடுகிறது. யூடெவ் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அப்படியென்றால் அதற்கு முன் அறிவிக்கப்பட்ட பெயர்கள் கேட்பாரில்லாமல் போய்விடாதா? இரண்டாவது, கறுப்புத் திரையில் கடவுச்சொல் தட்டச்சிடுவதற்கும் ஈவ்டெவ் தேவையா?


பதுளைப் பொறியாளர்

தங்கையின் முதற்கேள்வி மிகவும் பொருத்தமானது. அந்த அறிவிப்புகள் உண்மையிலேயே போய்விடுகின்றன. அதனால்தான் யூடெவ் தொடங்கியதும் யூடெவ்-அட்ம் ட்ரிகர் என்ற கட்டளை இயக்கப்படுகிறது. சாதனங்களைக் கெர்னல் அடைவுகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் ஒவ்வொரு சாதனத்தின் அடைவிலும் யூஈவென்ட் என்ற கோப்பு உண்டு. அதில் 'சேர்' என்னும் பொருளுள்ள சொல்லை எழுதினால் கெர்னல் அந்தச் சாதனத்தின் அறிவிப்பை மறுபடி வெளியிடும். மேற்படி கட்டளை எல்லாச் சாதனங்களுக்கும் அதைச் செய்கிறது. இடையில் செருகப்பட்டதும் முன்பே இருந்ததும் ஒரே பாதையில் கையாளப்படுவது இந்த அமைப்பின் பெரிய சிறப்பு.

இரண்டாவதற்கு விடை, தேவையில்லை என்பதே. எழுத்து முனையத்துக்கான கையாளி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வரைகலைச் சூழல்தான் ஈவ்டெவ் தரும் நிகழ்வுகளைப் படிக்கிறது. ஆகவே கறுப்புத் திரையில் தட்டச்சு ஆகி, வரைகலைத் திரையில் ஆகவில்லை என்றால் மூன்றாம் சுற்றைச் சந்தேகிக்கலாம்.

வரலாற்றை ஒரு சொல் சொல்ல வேண்டும். 1990களில் இந்தத் திசையே வேறாக இருந்தது. 1995இல், மொடியூல்களை ஏற்றும் கெர்னல்டி என்ற பின்னணிச் சேவை வந்தது. 1999இல் வெளிவந்த 2.2 கெர்னலில் அதன் இடத்தைக் கெர்னலுக்குள் உள்ள கேமொட் எடுத்துக்கொண்டது. அப்போது ஏதாவது ஒரு நிரல் சாதனக் கோப்பைத் திறந்தால்தான், சாதன வகையைக் குறிக்கும் அதன் முதன்மை எண்ணை வைத்து மொடியூல் கோரப்படும். உள்ளீட்டுச் சாதனங்களின் முதன்மை எண் 13. அந்த எண்ணுக்கு எந்த மொடியூல் என்பதை நிர்வாகி கையால் எழுதிவைப்பார். 2.4இல் ஹொட்பிளக் நிரலும், 2003இல் யூடெவ்வும், அதே வருட முடிவில் 2.6 கெர்னலும் வந்த பிறகுதான், சாதனம் தன் வருகையை அறிவித்து டிரைவரை அழைக்கும் இன்றைய முறை நிலைபெற்றது.


தலவாக்கலைத் தொழிற்சாலை

பொறியாளர் சொல்வதை மதிக்கிறேன், ஆயினும் எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று என்னால் ஏற்க முடியாது. நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் உள்ள கணினியில் தேவையான மொடியூல்களின் பெயர்களை மட்டும் தொடக்கப் பட்டியலில் எழுதி, அவை ஏறிய பிறகு மொடியூல்ஸ்-டிசேபிள்ட் என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்கிவிடுகிறேன். அதன் பிறகு மறுபடி தொடங்கும்வரை எந்த மொடியூலும் ஏறாது, நிர்வாகியாலும் அதை மாற்ற முடியாது. தொழிலாளரின் சம்பளமே அந்த நிறுவையில் தங்கியிருக்கிறது. யாரோ கொண்டுவந்து செருகும் ஒரு பொருளுக்காகக் கெர்னல் தானாகக் கதவைத் திறப்பதை அங்கே அனுமதிக்க முடியாது. விசைப்பலகை வேடம் போடும் யூஎஸ்பி சாதனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.


பதுளைப் பொறியாளர்

சம்பளத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மிகவும் நியாயமானது, அந்தக் கணினியை இறுக்கி வைப்பதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் நீங்கள் அஞ்சும் ஆபத்துக்கும் நீங்கள் போட்ட பூட்டுக்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதைச் சொல்லியாக வேண்டும்.

2014ஆம் ஆண்டு பிளாக் ஹட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் பாட்யூஎஸ்பி என்ற தாக்குதலை விளக்கினார்கள். நினைவகக் குச்சி ஒன்றின் நிலைப்பொருளை மாற்றி எழுதினால், அது தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக் கட்டளைகளைத் தட்டச்சிடும். அப்படி அறிவிக்கும்போது அதற்குத் தேவைப்படும் டிரைவர் எது? யூஎஸ்பிஎச்ஐடி, எச்ஐடி-ஜெனரிக் ஆகியவைதான். உங்கள் கணினியில் யூஎஸ்பி விசைப்பலகை ஒன்று இருந்தால் அவை முன்பே ஏறியிருக்கும். புதிய மொடியூல் எதுவும் தேவையில்லை என்பதால் உங்கள் பூட்டு அதைத் தடுக்காது. அரிதாகப் பயன்படும் டிரைவர்களில் உள்ள ஓட்டைகளை அது அடைக்கும், அது நல்லதே. போலி விசைப்பலகையைத் தடுக்க வேண்டுமென்றால் யூஎஸ்பி மூலமையத்தின் (கணினியின் யூஎஸ்பி போர்ட்டுகள் தொடங்கும் இடத்தின்) ஓதரைஸ்ட்-டிஃபோல்ட் என்ற கோப்பில் 0 எழுதுங்கள். அதன் பின் செருகப்படும் சாதனம் நீங்கள் ஒப்புதல் தரும்வரை எந்த டிரைவருடனும் இணைக்கப்படாது. யூஎஸ்பிகார்ட் என்ற மென்பொருள் இதே வசதியை விதிகளுடன் தருகிறது.

ஒரு மொடியூலை விலக்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதும் பிளாக்லிஸ்ட் வரியைப் பலர் பூட்டு என்று நம்புவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அது பெயர்ப் பொருத்தத்தின் வழியாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். மொடியூல்களை ஏற்றும் மொட்ப்ரோப் கட்டளையில் மொடியூலின் பெயரை நேராகச் சொன்னாலோ, வேறொரு மொடியூல் அதைச் சார்ந்திருந்தாலோ அது ஏறிவிடும். முற்றாகத் தடுக்க, இன்ஸ்டோல் என்று தொடங்கும் வரியில் அந்த மொடியூலுக்குப் பதிலாக எப்போதும் தோல்வியே தரும் நிரலைக் குறிப்பிட வேண்டும்.


தலவாக்கலைத் தொழிற்சாலை

ஓதரைஸ்ட்-டிஃபோல்ட் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதையும் சேர்த்துக்கொள்கிறேன், மொடியூல் பூட்டையும் எடுக்கப் போவதில்லை. எங்கள் நிறுவை மேசையில் உள்ள தொடுதிரை தொடர்வரிசைப் போர்ட்டில் இணைக்கப்பட்டது. அந்தப் போர்ட்டின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் வழி எதுவும் இல்லை. இன்புட்அட்டாச் என்ற நிரலை, போர்ட்டின் பெயரையும் திரையின் வகையையும் கொடுத்து நானே தொடக்கிவைக்க வேண்டியிருக்கிறது. தானாக ஏறுவதை நம்ப முடியாத சாதனங்களும் நம் பக்கத்தில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.


பதுளைப் பொறியாளர்

முற்றிலும் உண்மை. தன்னைத் தானே விவரிக்காத பாட்டையில் தானியக்கம் இல்லை. வன்பொருள் மாறாத, ஒரே வேலைக்கான கணினிக்குக் கைப்பட்டியல் பொருந்தும். வாரம்தோறும் வேறு சுட்டியும் வேறு விசைப்பலகையும் மாறிச் செருகப்படும் பாடசாலை அறைக்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.


பண்டாரவளை மாணவி

மற்ற இயங்குதளங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்த்தேன். ஃப்ரீபிஎஸ்டி 2018 இறுதியில் வந்த 12ஆம் பதிப்பில் டெவ்மாட்ச் என்ற கருவியைச் சேர்த்திருக்கிறது, லினக்ஸ் வழியைப் போலவே அட்டவணையுடன் ஒப்பிட்டு ஏற்றுகிறது. ஓபன்பிஎஸ்டி நேர் எதிர்த் திசையில் சென்று, 2015இல் வந்த 5.7ஆம் பதிப்பில் ஏற்றக்கூடிய மொடியூல் வசதியையே நீக்கிவிட்டது. டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே தொகுக்கப்பட்டிருக்கின்றன.


ஹட்டன் ஆசிரியர்

கீபோர்ட் என்ற சொல்லை முன்னால் கொண்டுவந்து படிமத்தைக் கட்டியதும் மேசைக்கணினிகள் அனைத்தும் யூஎஸ்பி விசைப்பலகையில் கடவுச்சொல்லை ஏற்கின்றன. மிக்க நன்றி.

இனிப் புதிய மடிக்கணினிகள். ப்ரொக் அடைவில் பஸ், இன்புட், டிவைசஸ் என்று செல்லும் கோப்பைத் திறந்தால் விசைப்பலகை, மின்பொத்தான், மூடியின் ஆளி, வெளிச்சுட்டி ஆகியவை மட்டும் இருக்கின்றன. தொடுபலகை இல்லை. ஐ2சி பாட்டைக்கான சிஸ் அடைவிலும் தொடுபலகை என்று சொல்லக்கூடிய எதுவும் தெரியவில்லை. பயோஸில் தொடுபலகை இயக்கத்தில் இருப்பதாகவே காட்டுகிறது.


பதுளைப் பொறியாளர்

ஐ2சி அடைவில் எதுவும் இல்லை என்பது நல்ல தடயம். புதிய மடிக்கணினிகளில் தொடுபலகை பெரும்பாலும் பிஎஸ்/2 வழியாக வருவதில்லை. விண்டோஸ் 8 காலத்தில் மைக்ரோசொஃப்ட் வகுத்த, ஐ2சி வழியான எச்ஐடி நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. யூஎஸ்பியைப் போல ஐ2சி பாட்டை தன்மேல் இருப்பவற்றை எண்ணிச் சொல்லாது. எந்த முகவரியில் தொடுபலகை இருக்கிறது என்பதை நிலைப்பொருள் தரும் ஏசிபிஐ அட்டவணைதான் சொல்கிறது. அங்கே அதன் பொது அடையாளம் பிஎன்பி0சி50. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஐ2சி-எச்ஐடி டிரைவர் ஏறும், அதன் பின் பல்விரல் தொடுகைக்கான எச்ஐடி-மல்டிடச் ஏறும்.

ஆனால் அந்தப் பெயர் அறிவிக்கப்படுவதற்கே ஐ2சி கட்டுப்படுத்தியின் டிரைவர் முதலில் ஏறியிருக்க வேண்டும். விரல் பட்டதைச் சொல்லும் குறுக்கீட்டுச் சமிக்ஞை பொதுவாகச் சில்லின் ஜிபிஐஓ என்ற பொதுப்பயன் முள் வழியாக வருவதால், முள்களைக் கட்டுப்படுத்தும் பின்கண்ட்ரோல் டிரைவரும் வேண்டும். முள் டிரைவர் இன்னும் வரவில்லை என்றால், தொடுபலகை டிரைவர் 517 என்ற பிழை எண்ணுடன் பின்வாங்கிப் பின்னர் மறுபடி முயலும் வரிசையில் சேர்ந்துகொள்ளும். பிழைதேடலுக்கான டீபக் கோப்பு முறைமையில் டிவைசஸ்-டிஃபர்ட் என்ற கோப்பில் அந்த வரிசையைக் காணலாம். உங்கள் கணினிகளில் நிலைமை அதற்கும் முந்தியது, கட்டுப்படுத்தியே ஏறவில்லை.

பழைய மாணவர் கெர்னலைச் சுருக்கியது எவ்வாறு என்று அவரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? லோக்கல்மொட்கொன்ஃபிக் என்ற தொகுப்பு இலக்கைப் பயன்படுத்தியிருந்தால், அந்த வேளையில் மூலக் கணினியில் ஏறியிருந்த மொடியூல்கள் மட்டுமே தொகுக்கப்பட்டிருக்கும். 2009இல் வந்த 2.6.32 கெர்னல் முதல் இருக்கும் வசதி அது. அந்த ஒரு கணினிக்கு மிகச் சிறந்தது, வேறு கணினிக்கு எடுத்துச் செல்ல ஏற்றதல்ல. உங்கள் வரைபலகையும் அப்படித்தான். அதன் தனி டிரைவர் தொகுக்கப்படவே இல்லை என்பதால் எச்ஐடி-ஜெனரிக் அதை எடுத்துக்கொண்டது. டிரைவர் ஏறியதாகவும் சாதனம் இயங்குவதாகவும் தோன்றும். பிழைச் செய்தி எதுவும் வராது. மூன்று சிக்கல்களிலும் கண்டுபிடிக்கக் கடினமானது அதுதான்.


பசறை வாசகர்

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் நிலையத்தில் தமிழ் எழுத்து ஒட்டிய விசைப்பலகைகள் இருக்கின்றன. சிலர் தமிழ்99, சிலர் ரெங்கநாதன் அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். இவற்றுக்குத் தனித்தனி டிரைவர் ஏற வேண்டுமா?


நானுஓயா திருத்துநர்

வேண்டியதில்லை ஐயா. கெர்னல் டிரைவர் எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணையே அனுப்புகிறது. வழக்கமான ஆங்கில அமைப்பு விசைப்பலகையில் 'ஏ' பொறித்த விசை 30 என்றே வரும். அது எந்தத் தமிழ் எழுத்தாக வேண்டும் என்பதை வரைகலைச் சூழலின் விசை அமைப்பும் உள்ளீட்டு முறையும் பிறகு முடிவுசெய்கின்றன.


ஹட்டன் ஆசிரியர்

மாணவரிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன அதே இலக்கைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். இப்போது விநியோகத்தின் வழக்கமான கெர்னலையே எல்லாக் கணினிகளிலும் நிறுவியிருக்கிறோம். புதிய மடிக்கணினிகளில் தொடுபலகை வந்துவிட்டது, இரு விரல்களால் உருட்டவும் முடிகிறது. வரைபலகையும் அழுத்தத்தை உணர்கிறது. பழைய மேசைக்கணினிகளில் வேகக் குறைவு எதையும் மாணவர்கள் உணரவில்லை.


பதுளைப் பொறியாளர்

மகிழ்ச்சி. பயன்படாத மொடியூல்கள் வட்டில் இடம் பிடிக்குமே தவிர நினைவகத்தில் ஏறுவதில்லை, ஆகவே வேகம் குறையக் காரணமில்லை.

வழக்கமான கெர்னலுக்கு வந்துவிட்டதால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்ச்சில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது பழைய பதிப்பின் மொடியூல் அடைவு நீக்கப்படும். நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். அந்த நிலையில் புதிதாக ஒரு சாதனத்தைச் செருகினால், அதன் டிரைவர் முன்பே ஏறியிருந்தாலன்றி அது இயங்காது. பாடவேளைக்கு முன் புதுப்பித்தால் கட்டாயம் மறுபடி தொடங்குங்கள்.


ஹட்டன் ஆசிரியர்

கவனத்தில் கொள்கிறேன். எஞ்சியிருப்பது ஒன்றே. நடுத் தலைமுறை மடிக்கணினிகளில் தொடுபலகை இயங்குகிறது, ஆனால் சுட்டுமுனை அவ்வப்போது தடுமாறித் தாவுகிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவில், பிஎஸ்/2 தொடுபலகைக்கான டிரைவரான பிஎஸ்மவுஸின் பெயருடன் தொடங்கும் ஒரு வரி, உங்கள் தொடுபலகை வேறொரு பாட்டையிலும் இயங்கக்கூடியதாகச் சொல்கிறது என்றும், சினாப்டிக்ஸ்-இண்டர்டச் என்ற அளபுருவை (டிரைவரின் அமைப்பு மதிப்பை) 1 ஆக்கிப் பார்க்கலாம் என்றும் கூறுகிறது. இதைச் செய்வதில் ஆபத்து உண்டா?


பதுளைப் பொறியாளர்

ஆபத்து இல்லை, பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். அந்தத் தொடுபலகைக்கு இரண்டு பாதைகள் உண்டு. பிஎஸ்/2 வழியாகப் பேசும்போது குறைந்த வேகத்தில் விவரம் வரும், எஸ்எம்பஸ் என்ற மற்றப் பாட்டை வழியாகப் பேசினால் முழு விவரமும் விரைவாக வரும். இரண்டாவது பாதையில் நம்பிக்கையாக இயங்கும் என்று தெரிந்த வகைகளின் அடையாளங்களை பிஎஸ்மவுஸ் டிரைவரின் மூலநிரலில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மடிக்கணினியின் அடையாளம் அந்தப் பட்டியலில் இன்னும் இல்லை, ஆகவே கெர்னல் தானாக மாறாமல் உங்களிடம் கேட்கிறது. மொட்ப்ரோப்-டி அடைவில் ஒரு கோப்பில் அந்த அளபுருவை எழுதி, படிமத்தைக் கட்டி, மறுபடி தொடங்கிப் பாருங்கள். கணினியை உறங்கவைத்து எழுப்பிய பிறகும் தொடுபலகை இயங்குகிறதா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள். இத்தகைய மாற்றங்களில் முதலில் பிசகுவது அந்த இடத்தில்தான்.

இரண்டு நிலையிலும் சரியாக இருந்தால், அதே பதிவு வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பிஎன்பி அடையாளத்தை இங்கே இடுங்கள். லினக்ஸ்-இன்புட் அஞ்சற்பட்டியலுக்கு அறிக்கை அனுப்பும்படி அந்தச் செய்தியே கேட்கிறது. ஒரு வரி சேர்க்கும் திருத்தத்தை நான் எழுதுகிறேன், சோதித்தவர் என்ற இடத்தில் பழைய மாணவரின் பெயரைச் சேர்க்க அவரிடம் ஒப்புதல் கேட்டுச் சொல்லுங்கள்.